நாற்பது வயதில் ஆட்டிசம் பார்க்கப் போகலாமா?

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. குஜிலியம்பாறையில் பிறந்து வளர்ந்து, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதி, கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனும் ஆன பிறகு வந்த சேதி அது. நெருங்கிய சிலருக்குத்தான் சொன்னேன். அவர்கள் மூலம் கேள்விப்பட்டு, “எனக்கும் அப்படி இருக்குமோன்னு தோணுது. போய்ப் பார்க்கவா, வேண்டாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் வளர்ந்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள், பிள்ளை பெற்றவர்கள்.

அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேட்பதற்கு இது ஒரே கேள்விபோல இருக்கும். பிரித்துப் பார்த்தால் மூன்று. எனக்கு இருப்பது ஆட்டிசம்தானா என்று தெரிந்துகொள்வது ஒன்று. அரசாங்கச் சான்றிதழ் வாங்குவது இன்னொன்று. அடுத்தவர்களிடம் சொல்வது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொள்வதால்தான் பலர் வாசலிலேயே மலைத்து நின்றுவிடுகிறார்கள். ஒன்றுக்குச் சரி என்று முடிவெடுத்தவர் மற்ற இரண்டுக்கும் சரி என்று சொல்லியாக வேண்டியதில்லை.

சந்தேகம் வந்த வழி

அக்கா மகனுக்குப் பேச்சு வரத் தாமதமானது. அரசு மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அக்காவோடு நானும் போயிருந்தேன். அங்கிருந்த பெண் வரிசையாகக் கேள்வி கேட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறானா? ஒரே சாப்பாட்டையே கேட்கிறானா? பொருள்களை வரிசையாக அடுக்குகிறானா? அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. வெளியே வந்ததும், “ஏன்டா தம்பி, இதெல்லாம் நீயும் பண்ணுனதுதான?” என்றது.

இப்படித் தெரியவருவது அபூர்வம் இல்லை. பிள்ளைக்குப் பார்க்கப் போன இடத்தில் தகப்பனோ தாயோ மாமனோ தன்னையே கண்டுகொள்வது உலகெங்கும் நடக்கிறது. ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேருடைய பதிவுகளை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வு, ஒருவருக்கு ஆட்டிசம் வருவதிலும் இன்னொருவருக்கு வராமல் இருப்பதிலும் ஏறக்குறைய 80 சதவீதப் பங்கு மரபணுக்களுக்கு என்று சொல்கிறது.

என் தலைமுறை எப்படி யார் கண்ணிலும் படாமல் தப்பியது என்பதற்கும் காரணம் உண்டு. மனநல மருத்துவர் லியோ கன்னர் 1943-இல் ஆட்டிசத்தைப் பற்றி எழுதினார். ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஆட்டிசம் தனித் தலைப்பாக ஏறியதே 1980-இல்தான். பேச்சு நன்றாக வந்த, படிப்பு ஏறிய பிள்ளைகளும் இந்த வட்டத்துக்குள் வருவார்கள் என்ற எண்ணம் பரவ இன்னும் பல வருடங்கள் ஆயின. நம் நாட்டில் 1995-ஆம் வருட ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999-இல் ஆட்டிசத்தையும் சேர்த்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாக அது சேர்ந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வாத்தியார்களுக்கு என்னைப் பற்றிச் சொல்ல ‘அழுத்தக்காரன்’, ‘ஒரு மாதிரியான பையன்’ என்பதைத் தவிர வேறு சொல் இல்லை.

ஊர் கொடுத்த இடம்

எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மொய் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். கணக்கு ஒரு ரூபாய் பிசகாது என்பது அவர்கள் காரணம். என் காரணம் வேறு. மண்டபத்துக்குள் சும்மா நின்றால் யாரிடம் என்ன பேசுவது, எவ்வளவு நேரம் சிரிப்பது, எப்போது நகர்வது என்று எதுவும் எனக்குப் புரியாது. மொய் மேசையில் எல்லாம் ஒழுங்கு. வருகிறவர் ஊரைச் சொல்வார், பெயரைச் சொல்வார், பணத்தைக் கொடுப்பார். நான் எழுதிவிட்டு, “சாப்பிட்டுப் போங்க” என்பேன். அடுத்தவர் வருவார். முன்னூறு பேரிடம் பேசியிருப்பேன். ஒருவரிடமும் தடுமாறியிருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் வாய் திறக்காமல் கிணற்றடி மோட்டார் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். மோட்டார் ஒரே சுருதியில் ஓடும். அந்தச் சத்தத்தில்தான் தலை தெளியும்.

கன்னர் முதன்முதலில் விவரித்த பையன் டொனால்ட் ட்ரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரைச் சேர்ந்தவர். அங்கேயே வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் விளையாடினார், தனியாக வெளிநாடெல்லாம் சுற்றினார். 2023-இல் தன் 89-வது வயதில் இறந்தார். வசதியான குடும்பம் என்பது பெரிய துணை. அதோடு ஊரும் அவரை அவர் போக்கிலேயே ஏற்றுக்கொண்டது. அவர் கதையைப் படித்தபோது எனக்கு எங்கள் மொய் மேசைதான் நினைவுக்கு வந்தது. மருத்துவர் பெயர் சொல்வதற்கு முன்னாலேயே ஊர் சிலருக்கு இடம் ஒதுக்கிவிடுகிறது. உங்களுக்கு அப்படி ஓர் இடம் அமைந்து, அதில் நீங்கள் நிம்மதியாக இருந்தால், பரிசோதனைக்கு ஓட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

எனக்கு அந்த இடம் போதாமல் போனது. திருவிழா வாரத்தில் குழாய் ரேடியோ காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் அந்த வாரம் முழுக்க வேலையில் தப்பு வரும். ஆலையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வாயால் வேலை சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. வீட்டில் என் மௌனத்தைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். தூக்கம் போனது. வாழ்க்கை இடறுகிறதா என்பதுதான் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி. மருத்துவர்கள் பின்பற்றும் வரையறையிலும் அது உண்டு: பழகுவதிலும் பேச்சிலும் வேறுபாடு, திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களோ ஒலி, ஒளி, தொடுதல் மீதான கூடுதல் குறைச்சலான உணர்வோ, இவை சிறு வயதிலிருந்தே இருப்பது, அன்றாட வாழ்க்கையைப் பாதிப்பது. நான்கும் சேர்ந்தால்தான் ஆட்டிசம்.

பதற்றம், மனச்சோர்வு, ஏடிஹெச்டி என்ற கவனக் குறைபாடு, கவனிக்காமல் விட்ட காது மந்தம், சின்ன வயதில் பட்ட அடி உதை எல்லாமே வெளியிலிருந்து பார்க்க இதைப் போலவே தெரியலாம். நடிகர் ஃபஹத் ஃபாசில் தனக்கு ஏடிஹெச்டி இருப்பது 41 வயதில் தெரிந்ததாக 2024-இல் மேடையிலேயே சொன்னார். அது வேறு, இது வேறு. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் வரும். ‘நமக்கு என்னவோ இருக்கிறது’ என்று உங்களுக்குத் தோன்றுவது சரியாக இருக்கலாம். அந்த ‘என்னவோ’வுக்குப் பெயர் வைக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கூடப் படிக்கிற பிள்ளைகள் எப்படிச் சிரிக்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அப்படியே செய்து சமாளிக்கிற பெண்கள் நிறைய. பேசாமல் இருந்தால் ‘அடக்கமான பொண்ணு’ என்ற பாராட்டு வேறு. அதனாலேயே அவர்களுக்கு இது தெரியவர ஆண்களைவிடத் தாமதமாகிறது. “நீ நல்லாத்தான பேசுற” என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

போனில் வருகிற டெஸ்ட்

போனில் தேடினால் முதலில் கிடைப்பது 50 கேள்விப் பட்டியல். சைமன் பாரன்-கோஹன் குழுவினர் 2001-இல் கேம்பிரிட்ஜில் உருவாக்கியது. 32 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்கச் சொல்லும். 80 கேள்விகள் உள்ள இன்னொன்றும் இருக்கிறது. இரண்டும் சல்லடை மட்டுமே; தீர்ப்பு இல்லை.

கேள்விகள் நம் ஊரை மனதில் வைத்து எழுதப்பட்டவையும் இல்லை. மியூசியத்துக்குப் போவதைவிட நாடகத்துக்குப் போகப் பிடிக்குமா என்று ஒரு கேள்வி. நான் பார்த்த நாடகம் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் வள்ளித் திருமணம். நாலு பக்கமும் குழாய் கட்டியிருப்பார்கள். பார்ட்டிக்குப் போவதா, நூலகத்துக்குப் போவதா என்று இன்னொன்று. எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் போவதும் போகாததும் நம் விருப்பத்தில் இல்லை. எண்ணைப் பார்த்து மகிழவோ பயப்படவோ வேண்டாம். எந்தக் கேள்விக்கு உங்களுக்கு ஒரு சம்பவம் உடனே நினைவு வந்ததோ, அந்தச் சம்பவத்தை மட்டும் நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவருக்கு மதிப்பெண்ணைவிட அந்த நோட்டு உதவும்.

அம்மாவிடம் கேட்பது எப்படி

பெரியவர்களுக்குப் பார்க்கும்போது சிறு வயது விவரம் முக்கியம். அம்மாவோ அக்காவோ உயிரோடு, நினைவோடு இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். “நான் சின்ன வயசுல வித்தியாசமா இருந்தனா?” என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த அம்மாவும் விட்டுக்கொடுக்க மாட்டார். “என் புள்ளைக்கு என்ன கொறச்சல்?” என்பதுதான் பதிலாக வரும்.

சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். எப்போது பேச ஆரம்பித்தேன்? யாரோடு விளையாடினேன்? முடி வெட்டப் போனால் என்ன செய்வேன்? எதைச் சாப்பிட மாட்டேன்? தீபாவளிக்குத் துணி எடுத்தால்? கடைசிக் கேள்விக்கு எங்கம்மா சிரித்துவிட்டது. “புதுச்சட்டைய மாட்டிவிட்டா உரிச்சுப் போட்டுட்டு ஓடிருவ. ஊறவச்சு, அடிச்சுத் துவைச்சு, ரெண்டு மூணு தடவ காயவச்சுப் பழசாக்கிக் குடுத்தாத்தான் போடுவ. எங்கப்பன், பண்டிகைக்குப் பழைய துணியாட்டம் போட்டுக்கிட்டு நிக்கிறயேன்னு அழுவேன்.” சட்டைக் காலரில் இருக்கும் அட்டையை இன்றைக்கும் நான் வெட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.

பழைய ரேங்க் கார்டில் வாத்தியார் எழுதிய குறிப்பு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது

குழந்தைகளுக்கான ஆரம்பநிலை மையங்கள் 18 வயது வரைதான் பார்க்கும். பெரியவர்கள் மனநலப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்தவர்களுக்கு அருகில் இருப்பது 2022-இல் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. அடுத்து மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை. தொலைவு போக முடிந்தவர்களுக்குச் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ். தனியாரிடம் போனால் மனநல மருத்துவரா என்று பாருங்கள். உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேளுங்கள்.

பஸ் ஏறும் முன் போன் செய்து, “பெரியவங்களுக்கு ஆட்டிசம் பார்ப்பீங்களா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நான் முதலில் பார்த்த மருத்துவர், “கல்யாணம் ஆயிருச்சு, வேலை பார்க்குறீங்க. உங்களுக்கு எதுக்குங்க ஆட்டிசம்?” என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். பிறகு மதுரையில் பார்த்தவர் பல அமர்வுகளாகப் பேசினார். அக்காவிடம் தனியாகப் பேசினார். “ஒருத்தர் உங்க நண்பர்னு எதை வச்சுச் சொல்வீங்க?” என்று கேட்டார். நான் யோசித்து, “அவர் என்கிட்ட எதையும் கேட்காம பக்கத்துல உட்கார்ந்திருப்பார்” என்றேன். எழுதிக்கொண்டார். அவசர அவசரமாக ஒரே தாளில் டிக் அடித்து முடிவு சொல்கிறவரிடம் இரண்டாவது கருத்து கேட்பதில் தப்பில்லை.

மனச்சோர்வு முற்றியிருக்கும்போதோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வரும்போதோ, ஆட்டிசமா இல்லையா என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதற்கு உதவி தேடுங்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416. இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து கிடையாது. கூட வரும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து உண்டு. குணமாக்குகிறேன் என்று ஒரு தொகையைச் சொல்பவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-லேயே சொல்லிவிட்டது.

சான்றிதழ் தனிக் கணக்கு

மருத்துவர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தால் அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தானாக வந்துவிடாது. அதற்கு மருத்துவக் குழு முன் போக வேண்டும். அங்கே பயன்படுத்துவது செகந்திராபாத்தில் உள்ள அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் உருவாக்கிய இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே என்றால் அந்த அளவுகோலின்படி ஆட்டிசம் இல்லை. சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு தேவை. பேசிப் பழகி, வேலைக்குப் போய், வெளியே சமாளிக்கக் கற்றுக்கொண்ட பெரியவர் 70-ஐத் தொடாமலே போகலாம். அதாவது, மருத்துவர் உண்டு என்பார், சான்றிதழ் கிடைக்காது. இப்படி ஆனால் இடிந்துபோக வேண்டாம். மருத்துவர் பார்ப்பது உங்கள் உள்ளமைப்பை. குழு அளப்பது வெளியே தெரியும் பாதிப்பை.

யாருக்குச் சான்றிதழ் பயன்? போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்களுக்குக் கட்டாயம் பயன். 2016 சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சேர்த்து. தேர்வில் கூடுதல் நேரம், வயது வரம்பில் தளர்வு எல்லாம் அட்டையைக் காட்டினால்தான் கேட்க முடியும். வருமான வரி கட்டுகிறவர்களுக்குப் பழைய வரி முறையில் கழிவும் உண்டு. தனியார் ஆலையில் நாற்பது வயதில் கணக்கு எழுதுகிற எனக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் விண்ணப்பிக்கவில்லை. என் அக்கா மகனுக்கு வாங்கியிருக்கிறோம்.

யாரிடம் சொல்வது

முதலில் வீட்டுக்காரியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இத்தன வருசமா விசேசத்துக்குப் போயிட்டு வந்தாலே எம்மேல கோவம்னு நெனச்சனே, அது இல்லீங்களா?” என்று கேட்டது. இல்லை என்றேன். இந்த ஒரு பேச்சுக்காகவே மதுரை போன செலவு தகும் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் பெயரைச் சொல்லவில்லை. “எனக்குச் சத்தம் ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரும்மா” என்றேன். அம்மாவுக்கு அது போதும். மேனேஜரிடமும் பெயரைச் சொல்லவில்லை. “சார், வாயால சொல்றத வாட்ஸப்புல போட்டுட்டீங்கன்னா ஒண்ணும் விட்டுப்போகாது” என்றேன். இப்போது மொத்த ஆபீசுமே அப்படித்தான் செய்கிறது. தேவையைச் சொன்னாலே பாதி காரியம் முடிந்துவிடும்; அதற்கு ஆட்டிசம் என்ற பெயரும் வேண்டாம், மருத்துவர் கடிதமும் வேண்டாம். காதுக்குப் பஞ்சு, திருவிழா வாரத்தில் எரியோட்டில் மாமனார் வீடு, மண்டபத்தில் கடைசி வரிசை, பேசுவதற்குப் பதில் எழுத்து என்று நீங்களும் சிலதை மாற்றிப் பாருங்கள். சில மாதம் கழித்து வாழ்க்கை இலேசாகிவிட்டது என்றால், பரிசோதனை இல்லாமலே உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஊருக்குச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. “அந்தக் குடும்பத்துலயே இருக்காமே” என்ற பேச்சு உங்களோடு நிற்காது. வரன் பார்க்கும் வயதில் இருக்கும் தங்கச்சியையும் அண்ணன் மகளையும் தொடும். அந்தப் பேச்சு தப்புதான். ஆனால் அதன் விலையைக் கொடுக்கப்போவது அவர்கள். அதனால் சொல்லும் முன் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் சிகிச்சை விவரத்தை இரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. 2017-ஆம் வருட மனநலச் சட்டமும் அதைச் சொல்கிறது.

என்னிடம் பலர் சொல்லும் இன்னொரு பயம், காட்டுக்கும் வீட்டுக்கும் கையெழுத்துப் போட முடியாமல் போய்விடுமோ என்பது. ஆட்டிசம் என்ற காரணத்தால் மட்டும் அப்படி எதுவும் ஆகாது. சொத்து வைத்துக்கொள்ள, வாரிசாகப் பெற, பண விவகாரங்களைத் தானே நடத்த, வங்கிக் கடன் வாங்க மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்று 2016 சட்டத்தின் 13-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பங்காளி யாராவது மிரட்டினால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

ஆக, என் கணக்கு இதுதான். இருபதுகளில் இருந்து, அரசுத் தேர்வு எழுதுகிறவர் என்றால் மருத்துவரையும் பாருங்கள், சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். முப்பது நாற்பதில் குடும்பத்திலும் வேலையிலும் முட்டி மோதிக்கொண்டிருப்பவர் என்றால் தெரிந்துகொள்வதற்காக மட்டும் போங்கள். மற்ற இரண்டையும் பிறகு யோசிக்கலாம். நன்றாகத்தான் போகிறது, வெறும் ஆவல் என்றால் நோட்டில் எழுதி வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். வேண்டும்போது அது உதவும்.

ஓர் எதிர்பார்ப்பும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் வருடக் கணக்கில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் என்கிறது. ஐந்நூறு பேர் கூடும் கல்யாண மண்டபத்தில் நாலு பேர். அவர்களில் பெரியவர்களும் உண்டு. பிள்ளைகளுக்குப் பார்க்க ஆளும் அறையும் இருக்கும் மாவட்ட மருத்துவமனையில், மாதம் ஒரு நாள் பெரியவர்களுக்கும் பார்க்க ஏற்பாடு செய்தால் குஜிலியம்பாறைக்காரர் மதுரைக்கும் சென்னைக்கும் அலைய வேண்டியிருக்காது. குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகிறவர்கள் இதையும் ஒரு மனுவாக எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.